பாரிஸிலிருந்து லண்டன்: எதில் போவது?

தங்கச்சியின் மகளுக்குச் சாமத்திய வீடு, அதாவது பூப்புனித நீராட்டு விழா. லண்டனில், ஹரோவில். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தண்ணீர் வார்க்கிறார்கள். நான் தாய்மாமன். தேங்காய் உடைக்க வேண்டிய ஆள் பிந்தி வந்தேன் என்று சொல்ல முடியாது. போவது ஐந்து பேர்: நான், மனைவி, ஒன்பது வயதில் மகள், மூன்று வயதில் மகன், முழங்கால் நோவோடு எழுபத்து நாலு வயது அம்மா. எங்கள் வீடு பாரிஸுக்கு வடக்கே, லா கூர்நெவில். "அண்ணா, எதில வாறியள்?" என்று தங்கச்சி கேட்டு இரண்டு கிழமையாகிறது. இந்த இரண்டு கிழமையும் ரயில், விமானம், பஸ், கார் நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் பார்த்தேன். இதே பயணத்தைச் செய்கிற குடும்பங்கள் புலம்பெயர்ந்த இலங்கைத் தமிழரான எங்களுக்குள் ஆயிரக்கணக்கில் இருப்பதால் அதை எழுதி வைக்கிறேன்.

முதலில் தூரம். வரைபடத்தில் நேர்கோடு போட்டால் இரண்டு நகரங்களுக்கும் இடையே சுமார் 344 கிலோமீட்டர். காரில் பிரெஞ்சுக் கரையிலுள்ள கலே வழியாகப் போனால், கடலுக்கடியில் கடக்கிறதையும் சேர்த்து 460 சொச்சம். ரயிலில் 492. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு சுமார் 400 கிலோமீட்டர் என்பதை நினைத்தால் இது பெரிய தூரமே இல்லை. ரயில் பாதை நீளக் காரணம், அது பாரிஸிலிருந்து நேரே கலேக்குப் போகாமல் லீல் நகரை நோக்கி வடக்கே ஏறி, அங்கிருந்து மேற்கே திரும்புவதுதான். ஆனால் ஆகக் கூடிய தூரம் ஓடுகிற ரயில்தான் தரைவழியில் ஆகக் குறைந்த நேரத்தில் போய்ச் சேருகிறது. அதனால் கிலோமீட்டரை வைத்து இந்தப் பயணத்தைத் தீர்மானிக்க முடியாது.

யூரோஸ்டார் ரயில் பாரிஸ் கார் து நோரிலிருந்து லண்டன் செயின்ட் பாங்க்ராஸுக்கு ஏறக்குறைய 2 மணி 16 நிமிடத்தில் போகிறது. திறந்த வெளியில் மணிக்கு 300 கிலோமீட்டர், சுரங்கத்துக்குள் 160. சுரங்கத்தின் நீளம் 50 கிலோமீட்டர், அதில் 38 கிலோமீட்டர் கடலுக்கடியில். 1994 நவம்பரில் இந்தச் சேவை தொடங்கியபோது மூன்று மணித்தியாலம் எடுத்தது. பிரான்ஸ் பக்கம் புதுப் பாதையில் பறந்து வந்த ரயில், இங்கிலாந்தின் கெண்ட் பகுதியின் பழைய தண்டவாளத்தில் ஏறியதும் ஊர்ந்துதான் வாட்டர்லூ நிலையத்துக்குப் போக முடிந்தது. 2003 இல் புதிய வேகப் பாதையின் முதல் பகுதி திறந்தது. 2007 நவம்பரில் மீதியும் திறந்து, நிலையமும் செயின்ட் பாங்க்ராஸுக்கு மாறியபோதுதான் இப்போதுள்ள நேரம் வந்தது. அதற்கெல்லாம் முன்னர் இந்தப் பக்கம் வந்து சேர்ந்த எங்கள் மூத்தவர்களைக் கேட்டால் ரயில், கப்பல், திரும்ப ரயில் என்று ஒரு முழு நாள் கதை சொல்வார்கள்.

அந்த 2 மணி 16 நிமிடம் மேடையிலிருந்து மேடைக்கு. எனக்கு வேண்டியது வாசலிலிருந்து வாசலுக்கு.

எங்கள் வீட்டிலிருந்து ஆர்.இ.ஆர். பி ரயிலில் கார் து நோருக்கு, நடையும் சேர்த்து அரை மணி. யூரோஸ்டாருக்கு நான் எப்போதும் ஒன்றேகால் மணி முன்னதாகவே போய் நிற்பேன். மேல்மாடிக்கு ஏறினால் முதலில் பிரெஞ்சுப் பொலிஸ் வெளியேறும் முத்திரையைப் பார்க்கும், பத்தடி தள்ளி பிரிட்டிஷ் குடிவரவு அதிகாரி இருப்பார், பிறகு பெட்டிச் சோதனை. இரண்டு நாட்டு எல்லையும் அந்த மாடியிலேயே முடிந்துவிடும். லண்டனில் இறங்கினால் கேட்பாரில்லை, பெட்டியை இழுத்துக்கொண்டு நேரே வெளியே வரலாம். அங்கிருந்து மெட்ரோபொலிட்டன் லைனில் ஹரோ சுமார் அரை மணி, பிறகு கொஞ்சம் நடை. எல்லாம் கூட்டினால் ஐந்து மணித்தியாலம்.

செயின்ட் பாங்க்ராஸ் எங்கள் ஆட்களுக்கு நல்ல இடத்தில் அமைந்த நிலையம். ஈஸ்ட்ஹாம் போகிறவருக்கு ஹாமர்ஸ்மித் அன்ட் சிற்றி லைன் மாறாமல் போகிறது. ரூட்டிங் போகிறவருக்கு தேம்ஸ்லிங்க், அல்லது நோதர்ன் லைன். வெம்பிளிக்கும் ஹரோவுக்கும் மெட்ரோபொலிட்டன். இந்தப் பக்கத்தில் கார் து நோரிலிருந்து எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பல் நடக்கிற தூரம். லண்டனிலிருந்து வருகிற மச்சாள் ரயிலால் இறங்கிப் பதினைந்து நிமிடத்தில் புடவைக்கடையில் நிற்பார். இந்த வசதியை வேறெந்த வழியும் தராது.

பெட்டி விஷயத்திலும் ரயில் தாராளம். பெரியவர் ஒருவருக்கு 85 சென்றிமீட்டர் வரையான இரண்டு பெட்டி, கூடவே ஒரு கைப்பை. தராசில் வைத்து நிறுப்பதில்லை. எண்ணெய்ப் போத்தல் கொண்டு போனாலும் 100 மில்லி என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. நீளமான சமையல் கத்தியைத்தான் விடமாட்டார்கள். ரயிலின் ஒரே பலவீனம் விலை. இரண்டு மூன்று மாதம் முன்னர் எடுத்தால் ஒருவழிக்கு ஐம்பது யூரோவுக்குக் கீழேயும் கிடைக்கும். அதே இருக்கை கடைசிக் கிழமையில் இருநூறைத் தாண்டும். நாலு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தனி இருக்கை எடுக்காவிட்டால் காசில்லை, ஆனால் மூன்று வயதுப் பெடியனை இரண்டு மணித்தியாலம் மடியில் வைத்திருக்க வேண்டும். சடங்குத் திகதி ஐயரைக் கேட்டு, மண்டபம் பார்த்துத் தீர்மானமாகும்போது பெரும்பாலும் ஒரு மாதம்தான் மிச்சமிருக்கும். எங்கள் குடும்ப வைபவங்களுக்கு மலிவு டிக்கெட் எட்டாமல் போவது இதனால்தான். எங்கள் ஐந்து பேருக்கும் நான் பார்த்த அன்று ஒருவழிக்கே அறுநூறு யூரோவுக்கு மேல் காட்டியது.

விமானத்தை ஆசையோடுதான் பார்த்தேன். சார்ல்ஸ் து கோல் விமான நிலையம் எங்கள் வீட்டுப் பக்கம், ஹீத்ரோ ஹரோப் பக்கம். காகிதத்தில் இதைவிடப் பொருத்தம் இல்லை. ஏர் பிரான்ஸும் பிரிட்டிஷ் ஏர்வேஸும் ஒன்றேகால் மணியைச் சொச்சம் தாண்டும் நேரத்தில் கொண்டுபோய் இறக்குகின்றன. ஆனால் நிலையத்துக்குப் போக முக்கால் மணி, இரண்டு மணி முன்னதாக நிற்க வேண்டும், இறங்கியபின் குடிவரவு வரிசையும் பெட்டியும் முக்கால் மணி, அங்கிருந்து ஹரோவுக்கு எஸ்.எல்.9 பஸ்ஸில் ஒரு மணி. கூட்டினால் ஆறு மணித்தியாலம். வானத்தில் இருப்பது ஒரு மணிக்கும் குறைவு, மீதி ஐந்து மணியும் வரிசையிலும் நடையிலும் போகிறது. முழங்கால் நோவுள்ள அம்மாவுக்கு அந்த நீளமான நடைபாதைகள் பெரிய தண்டனை. சக்கர நாற்காலி முன்கூட்டியே கேட்கலாம், தருவார்கள். ஆனால் வேறு வழி இருக்கும்போது ஏன்? மலிவு விமானங்களில் பெட்டிக்குத் தனிக் காசு, அவை இறங்குவது பெரும்பாலும் கற்விக்கிலோ லூட்டனிலோ. ரூட்டிங், குரொய்டன் பக்கம் உறவினர் உள்ள ஒருவர், கைப்பையோடு மட்டும் போனால், கற்விக் சரிவரும். ஒரு பயணியின் தலையில் விழுகிற கார்பன் கணக்கிலும் ரயிலைவிட விமானம் பல மடங்கு மோசம் என்பதை நான் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்லியிருக்கிறேன்.

பஸ்ஸைப் பற்றி நீட்டத் தேவையில்லை. பாரிஸின் பெர்சி பஸ் நிலையத்தில் இரவு ஏறினால் விடிய லண்டன் விக்ரோறியா. எட்டு, ஒன்பது மணித்தியாலம். முப்பது யூரோவுக்கும் கிடைக்கும். மாணவனாக இருந்தபோது கன தடவை போயிருக்கிறேன். ஒருமுறை கலே எல்லையில் ஒரு பயணியின் கடதாசியில் ஏதோ பிரச்சினை. இரவு இரண்டரை மணிக்கு எல்லோரையும் இறக்கி, பெட்டிகளையும் இறக்கி, இரண்டு மணித்தியாலம் குளிரில் நிறுத்தி வைத்தார்கள். பஸ்காரரிடமிருந்து ஒரு வார்த்தை விளக்கம் வரவில்லை. தனி ஆள், இளம் வயது, நேரம் முக்கியமில்லை என்றால் பஸ் போதும். பிள்ளைகளோடும் வயதானவரோடும் வேண்டாம்.

மிச்சம் கார்.

வீட்டிலிருந்து ஏ1 நெடுஞ்சாலை பக்கத்திலேயே. அராஸ் அருகே ஏ26 க்கு மாறினால் கலே வரைக்கும் ஒரே நேர்பாதை. 290 கிலோமீட்டரை மூன்று மணித்தியாலத்தில் ஓடலாம், பெயாஜ் என்கிற சாலைக் கட்டணம் இருபது யூரோவைத் தாண்டும். கடலைக் கடக்க இரண்டு வழி. ஒன்று கலேக்குப் பக்கத்திலுள்ள கோக்கெலில் காரோடு ரயிலில் ஏறுகிற லெ ஷட்டில், 35 நிமிடம். மற்றது கலே துறைமுகத்திலிருந்து டோவருக்குக் கப்பல், சுமார் ஒன்றரை மணி. ஷட்டிலில் முக்கியமான விஷயம், விலை காருக்குத்தான், ஆட்களுக்கில்லை. ஒன்பது பேர் வரை ஒரே விலை. நாள், நேரத்தைப் பொறுத்து நூறிலிருந்து இருநூற்றைம்பது யூரோ வரை ஏறி இறங்கும். எங்கள் வெள்ளிக்கிழமைக்கு 150 க்குக் கிடைத்தது. பெற்றோல் ஐம்பத்தைந்து, பெயாஜ் இருபத்து நாலு, கூட்டினால் 230 சொச்சம். ஐந்தால் பிரித்தால் ஆளுக்கு 46 யூரோ. இரண்டு மாதம் முன்னர் எடுத்த ரயில் டிக்கெட்டின் விலை அது, ஆனால் கடைசிக் கிழமையிலும் கிடைக்கிறது.

நேரம்தான் கூட. மூன்று மணி ஓட்டம், ஷட்டிலுக்கு ஒன்றரை மணி முன்னதாக நிற்பது, 35 நிமிடக் கடப்பு, இங்கிலாந்துக் கரையிலுள்ள போக்ஸ்டனிலிருந்து எம்20, எம்25 நெடுஞ்சாலைகள் வழியாக ஹரோவுக்கு இரண்டு மணி, அம்மாவுக்காக நடுவில் அரை மணி ஓய்வு. ஏழரை மணித்தியாலம். ரயிலைவிட இரண்டரை மணி அதிகம். அதற்குப் பதிலாகக் கிடைப்பது: அம்மா வீட்டு வாசலில் ஏறித் தங்கச்சி வீட்டு வாசலில் இறங்குவார். படியில்லை, மாறுவதில்லை, பெட்டி தூக்குவதில்லை.

ஷட்டிலுக்குள் முதல்முறை போனபோது அம்மா கேட்ட கேள்வி நினைவிருக்கிறது. மஞ்சள் வெளிச்சம், இரண்டு பக்கமும் தகரச் சுவர், முன்னும் பின்னும் கார்கள், என்ஜின் நிறுத்தி யன்னலைப் பாதி இறக்கிவிட்டு இருக்கிறோம். காது இலேசாக அடைத்தது. அம்மா வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, கடல் எங்க?" என்றார். "இப்ப தலைக்கு மேல அம்மா" என்றேன். அதன்பிறகு போக்ஸ்டன் வெளிச்சம் வரும்வரை கையில் திருநீற்றுப் பையைப் பிடித்தபடி பேசாமல் இருந்தார். கடல் பார்க்க விரும்புகிற பிள்ளைகளுக்குக் கப்பல்தான் நல்லது. டோவரின் வெள்ளைப் பாறைகள் கிட்ட வருவதை மேல்தளத்தில் நின்று பார்க்கலாம். காற்றடிக்கிற நாளில் வயிற்றைப் பிரட்டும், அவ்வளவுதான்.

காரில் போகிறவர் கவனிக்க வேண்டிய மூன்று செலவு வழியில் கண்ணுக்குத் தெரியாது, வீட்டுக்குக் கடிதமாக வரும். லண்டன் முழுவதும் 2023 ஓகஸ்ட் முதல் யூலெஸ் என்கிற குறைந்த புகை வலயம். விதிக்குப் பொருந்தாத பழைய கார் ஒரு நாளைக்கு 12.50 பவுண் கட்ட வேண்டும். 2015 செப்ரெம்பருக்குப் பின்னர் பதிந்த டீசல் காரும், 2006 க்குப் பின்னரான பெற்றோல் காரும் பொதுவாகத் தப்பும், ஆனால் பிரெஞ்சு இலக்கத் தகடு என்றால் காரை முன்கூட்டியே அவர்களிடம் பதிய வேண்டும். அடுத்தது டாட்போர்ட் கடவை, எம்25 தேம்ஸ் ஆற்றைக் கடக்கிற இடம். அங்கே காசு வாங்குகிற பெட்டியே கிடையாது, அடுத்த நாள் நள்ளிரவுக்குள் இணையத்தில் நாமே கட்ட வேண்டும். ஈஸ்ட்ஹாம், இல்போர்ட் போகிறவர்கள் பெரும்பாலும் இதைக் கடப்பார்கள். மூன்றாவது, நகர மையத்துக்குள் போனால் கட்டுகிற நெரிசல் கட்டணம். ஹரோ போகிற எங்களுக்கு அது இல்லை. இவற்றோடு இடப்பக்கம் ஓட்டுவது. நெடுஞ்சாலையில் பயமில்லை. போக்ஸ்டனில் இறங்கிய முதல் பத்து நிமிடமும், களைத்துப் போய் வருகிற கடைசிச் சுற்றுவட்டமும்தான் ஆபத்து.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்த பிறகும் ரயிலா காரா என்று இரண்டு நாள் முடிவெடுக்காமல் இருந்தேன். முடிவைத் தந்தது வேறொரு கேள்வி: ஏதும் பிழையாகப் போனால் என்ன செய்வேன்? 2009 டிசம்பரில் பனிக்குளிரில் ஐந்து யூரோஸ்டார் ரயில்கள் சுரங்கத்துக்குள்ளேயே நின்று, இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் இரவு முழுவதும் மாட்டினார்கள். 2023 டிசம்பர் 30 அன்று தேம்ஸுக்கு அடியிலுள்ள சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து அன்றைய ரயில்கள் முழுதும் நின்றன. 2025 மார்ச் 7 அன்று எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே, சென் தெனியில், இரண்டாம் உலகப்போர்க் குண்டு ஒன்று தண்டவாளத்தோரம் கிடைத்து, கார் து நோரே மூடப்பட்டது. இப்படியான நாட்கள் அரிது. ஆனால் வரும்போது அடுத்த நாள் ரயிலும் நிரம்பியிருக்கும், ஐந்து பேருக்குச் சேர்ந்து இடம் கிடைக்காது. காரில் இருப்பவருக்குச் சுரங்கம் மூடினால் கப்பல் இருக்கிறது, கலே நிரம்பினால் டன்கேர்க் துறைமுகம் இருக்கிறது. பிந்தலாம், ஆனால் போய்ச் சேரலாம். மருத்துவச் சந்திப்பு, நேர்முகம், அடக்கம், சடங்கு போன்ற நேரம் தவறக்கூடாத பயணங்களுக்கு இதை நிமிடக் கணக்குக்கு மேலே வைக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

எந்த வழியானாலும் கடதாசி ஒன்றுதான். பிரெஞ்சு அடையாள அட்டையோடு பிரிட்டன் போவது 2021 ஒக்ரோபரோடு முடிந்துவிட்டது, கடவுச்சீட்டு வேண்டும். 2025 ஏப்ரல் 2 முதல் பிரெஞ்சுக் குடிகளுக்கு மின்னணுப் பயண அனுமதியும் வேண்டும், கைக்குழந்தைக்கும் தனியாக. அதை ஆளுக்காள் கைபேசியில் எடுக்கலாம். இலங்கைக் கடவுச்சீட்டும் பிரெஞ்சு வதிவிட அட்டையும் வைத்திருப்பவருக்கு அந்த அனுமதி பொருந்தாது, முறையான பிரிட்டிஷ் விசாதான். எங்கள் அம்மா இந்த வகை. விசா வர மூன்று கிழமையும் ஆகலாம், அதற்கு மேலும் இழுக்கலாம். அதனால் அம்மாவின் விசா கைக்கு வரும்வரை நான் எதையும் பதியவில்லை. ஐந்து ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே மலிவாக எடுக்க முடியாமல் போனதற்கு உண்மையான காரணமும் அதுவே. மறுபக்கம், பிரிட்டிஷ் கடவுச்சீட்டோடு பாரிஸ் வருகிற சொந்தங்களுக்கு 2025 ஒக்ரோபரில் தொடங்கிய புதிய பதிவு முறையில் விரல் அடையாளமும் படமும் எடுக்கிறார்கள், அவர்கள் நிலையத்துக்கு இன்னும் கொஞ்சம் முந்திப் போவது நல்லது.

சாப்பாட்டிலும் ஒரு மாற்றம். 2025 ஏப்ரல் 12 முதல் ஐரோப்பாவிலிருந்து ஆடு, மாடு, பன்றி இறைச்சியோ பாற்பொருளோ பிரிட்டனுக்குள் கொண்டுபோக முடியாது. லாச்சப்பலில் வாங்கிய மட்டன் ரோல்ஸும் நெய்யும் இதில் அடங்கும். மீன் இந்தத் தடையில் இல்லை. திரும்பும்போது பிரான்ஸுக்குள்ளும் இறைச்சி, பால் தடைதான். தங்கச்சி கட்டித் தருகிற சடங்குச் சாப்பாட்டை போக்ஸ்டனுக்கு முன்னரே சாப்பிட்டு முடித்துவிட வேண்டும்.

ஆகவே இந்தப் பயணம் காரில், சுரங்கத்தால். அடுத்த மாதம் ஒரு வேலை அலுவலாக நான் தனியே லண்டன் போகிறேன். அதற்கு யூரோஸ்டார் டிக்கெட் ஏற்கெனவே எடுத்தாயிற்று, காலையில் போய் இரவே வரலாம். காரில் அப்படிப் போவதை நினைக்கவும் மாட்டேன். திகதி இறுக்கமில்லாத தனி ஆட்களுக்கு, விற்காத இருக்கைகளைக் குறைந்த விலையில் தருகிற யூரோஸ்டார் ஸ்னாப் நல்லது. காலையா பிற்பகலா என்று மட்டும் நாம் சொல்கிறோம், எந்த ரயில் என்பது பிறகுதான் தெரியவரும்.

வெள்ளி காலை ஆறு மணிக்கு வீட்டை விட்டு வெளிக்கிடுகிறோம். ஏழரை மணித்தியாலம் என்றால் பாரிஸ் நேரத்துக்கு ஒன்றரை, லண்டனில் ஒரு மணி பின்னால் என்பதால் பன்னிரண்டரை. அதில் மூன்று மணி தாமதித்தாலும் பின்னேரத் தேநீருக்கு அங்கே இருப்போம். நேற்றிரவு மனைவி ஆராத்தித் தட்டுகளைக் காரின் பின்பக்கத்தில் அடுக்கிப் பார்த்தார். பதினொன்றும் கொள்கிறது, மேலே புடவைப் பெட்டியும் வைக்கலாம். அம்மாவின் பக்கத்து இருக்கையில் ஒரு தலையணைக்கும் இடமிருக்கிறது.